45,000 ரூபாய்க்கு போட்டோஷாப், வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டர்: இந்தக் கொட்டேஷன் சரியா?

பொருநை_டிசைன்:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். வேலைக்கு ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணணும். பட்ஜெட் 45,000 ரூபாய், அதுக்கு மேல இழுக்க முடியாது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், 600 விஏ யுபிஎஸ், பழைய மிஷினில் இருந்து கழட்டின 1 டிபி ஹார்ட் டிஸ்க் கையில் இருக்கு. மானிட்டர் ரொம்பப் பழசு, பின்னாடி விஜிஏ மட்டும்தான்.

வேலை என்னன்னா, போட்டோஷாப்பில் பிளெக்ஸ் டிசைன் (பெருசுன்னா 10க்கு 8 அடி), கோரல்டிராவில் அழைப்பிதழ், நோட்டீஸ். அப்புறம் காதணி விழா, வளைகாப்பு மாதிரி விசேஷங்களுக்கு போனில் எடுத்த 1080பி வீடியோவை வெட்டி, பாட்டுப் போட்டுக் கொடுக்கிறது. கேம் கிடையாது.

கடையில் கொடுத்த கொட்டேஷன் அப்படியே:

ஐ5-12400எஃப் ட்ரே
எச்610 போர்டு
16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஒண்ணு
1 டிபி எஸ்எஸ்டி
ஜிடி 730 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு
கேபினெட், 450 வாட் எஸ்எம்பிஎஸ் சேர்த்து
மொத்தம் 44,500

கிராபிக்ஸ் கார்டு வேற வருதே, நல்ல டீல்தானேன்னு தோணுது. ஏஎம்டி ரைசன் பிராசசர் போகலாம்னு சிலர் சொல்றாங்க. எங்க ஏரியாவில் கரண்ட் அடிக்கடி போகும், அதையும் மனசுல வெச்சு சொல்லுங்க.

வைகைக்கரை:

தம்பி, அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. முதல் வரியையும் அஞ்சாவது வரியையும் சேர்த்துப் பாருங்க, பெரிய ஓட்டை அங்கதான்.

12400எஃப்-ல கடைசியா நிக்கிற அந்த ‘எஃப்’ எழுத்து, இந்த பிராசசருக்குள்ள கிராபிக்ஸ் கிடையாதுன்னு சொல்லுது. கார்டு இல்லாம மானிட்டர்ல ஒரு புள்ளிகூட வராது. அதுக்காகத்தான் ஜிடி 730-ஐ சேர்த்திருக்காங்க. எஃப் இல்லாத சாதா 12400 வாங்கினீங்கன்னா உள்ளேயே யுஎச்டி 730 கிராபிக்ஸ் இருக்கு. ரெண்டுலயும் 730னு வர்றதால ஒண்ணுதானேன்னு நினைச்சுடாதீங்க, சம்பந்தமே இல்லை.

ஜிடி 730 வந்தது 2014-ல. இப்ப கடைகள்ல கிடைக்கிறதுல பெரும்பாலும் கெப்ளர் சிப், சிலதுல அதுக்கும் முந்தின ஃபெர்மி. கெப்ளருக்கு என்விடியா வழக்கமான டிரைவர் கொடுக்கிறதை 2021-லயே நிறுத்திடுச்சு. பாதுகாப்பு அப்டேட்டும் 2024 செப்டம்பரோட முடிஞ்சுது. 4 ஜிபின்னு அட்டையில பெருசா போட்டிருப்பாங்க, அதுல நிறைய கார்டுங்க மெதுவான டிடிஆர்3 மெமரி வெச்சது. அந்த 4 ஜிபியை நிரப்புற அளவு வேலையை அந்த சிப்பால செய்யவே முடியாது.

உங்க வேலைக்கு இதைவிட முக்கியமா ஒண்ணு இருக்கு. இப்ப வர்ற போன்கள் நிறைய, வீடியோவை எச்.265-ங்கிற சுருக்க முறையில பதியுது. ஜிடி 730-க்கு எச்.265-ஐப் பிரிக்கிற வசதி கிடையாது. யுஎச்டி 730-ல இருக்கிற குயிக் சிங்க்ங்கிற வீடியோ பகுதி எச்.264, எச்.265, விபி9, ஏவி1 நாலையும் சிப்புலயே பிரிச்சுடும். பிரீமியர் புரோ அதைப் பயன்படுத்திக்கும். டைம்லைன்ல நீங்க முன்னயும் பின்னயும் இழுக்கும்போது படம் திக்காம வர்றது இதனாலதான். எஃப் வாங்கினா குயிக் சிங்க் கிடையாது, எல்லா சுமையும் கோர் மேல விழும். காசு கூடக் கொடுத்து மெதுவான மிஷின் வாங்குற கதைதான்.

ரெண்டாவது, ‘ட்ரே’. பெட்டி இல்லாம மொத்தமா வர்ற சிப் அது. கூலர் கூட வராது, இன்டெல்லோட நேரடி வாரண்டியும் இருக்காது. கடைக்காரர் என்ன வாக்கு கொடுக்கிறாரோ அவ்வளவுதான். பெட்டியோட வாங்கினா மூணு வருஷ வாரண்டி, கூலரும் உள்ளேயே வரும். அந்தக் கூலர் 12400-க்குப் போதும், தனியா வாங்க வேண்டாம்.

போர்டு எச்610 தப்பில்லை. ஆனா ‘எச்610 போர்டு’ன்னு மட்டும் எழுதினா அது கொட்டேஷனே இல்லை. முழு மாடல் பெயர் கேளுங்க. ஒரே பெயர்ல டிடிஆர்4-க்கு ஒண்ணு, டிடிஆர்5-க்கு ஒண்ணுன்னு ரெண்டு போர்டு வரும், கடைசி எழுத்துலதான் வித்தியாசம். ரேம் ஸ்லாட்டோட வெட்டு இடம் மாறி இருக்கும், அழுத்தினாலும் போகாது. பின்பக்கம் விஜிஏ போர்ட் இருக்கிற மாடலாப் பாருங்க, எச்610-ல நிறையவே உண்டு, கன்வெர்ட்டர் செலவு மிச்சம். 12-ஆம் தலைமுறை பிராசசருக்கு எந்த எச்610 போர்டும் பயாஸ் (போர்டோட ஆரம்ப மென்பொருள்) அப்டேட் இல்லாமலே ஓடும். 13, 14-ஆம் தலைமுறைன்னாதான் பயாஸ் பதிப்பு பார்க்கணும்.

கொங்கு_டெக்கி:

வைகை அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழியறேனுங்க. ரைசன் பத்திக் கேட்டிருந்தீங்க, அதுக்கு மட்டும் சொல்றேன்.

இந்த பட்ஜெட்டுல ரைசன்னா 5600ஜி. ஆறு கோர், உள்ளே வேகா 7 கிராபிக்ஸ். கார்டு இல்லாம கேம் ஆடணும்னா யுஎச்டி 730-ஐவிட இது நல்லாவே மேலுங்க. ஆனா நீங்க கேம் கிடையாதுன்னுட்டீங்க. 5600ஜி-யில எல்3 கேஷ் (சிப்புக்குள்ள இருக்கிற வேக மெமரி) 16 எம்பி, சாதா 5600-ல 32 எம்பி. பேர்ல ஒரு எழுத்துதான் கூடுது, கேஷ் பாதியாப் போயிருது. சாதா 5600-க்குள்ள கிராபிக்ஸ் இல்லீங்க, அந்த எஃப் கதையேதான். ஏவி1 பிரிக்கிறதும் வேகா 7-ல கிடையாது.

ரைசனோட புது சாக்கெட்டான ஏஎம்5 போனா பின்னாடி புது பிராசசர் மாத்திக்கலாம்னு சொல்லுவாங்க, நெசந்தான். ஆனா அதுல டிடிஆர்5 மட்டும்தான் போகும், போர்டும் விலை கூட. 2025 கடைசியில ரேம் விலை ஏறின ஏத்தத்துல 45,000-க்குள்ள ஏஎம்5 கட்டினா வேற எதையாவது பட்டினி போடணும். பெரும்பாலும் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்தான் பட்டினி கிடக்கும். வேண்டாமுங்க. 12400 போங்க.

ரேம் மட்டும் ஒரே 16 வேண்டாம், ரெண்டு 8 போடுங்க. டிடிஆர்4-3200 ஒரு சேனல்ல செகண்டுக்கு 25.6 ஜிபி, ரெண்டு சேனல்ல 51.2 ஜிபி. உள்ளிருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கும். பாதை அகலமா இருந்தா அதுக்கும் நல்லது.

லேயர்_லதா:

கொங்கு சொல்லும் கணக்கு சரி. ஆனால் இந்தத் தம்பியின் வேலைக்கு நான் 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கைத்தான் சொல்வேன். கொட்டேஷனில் தேறிய வரி அது ஒன்றுதான்.

10க்கு 8 அடி பிளெக்ஸை எடுத்துக்கொள்வோம். 100 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 100 பிக்சல்) வைத்தால் 12,000க்கு 9,600 பிக்சல். மொத்தம் 11 கோடியே 52 லட்சம் பிக்சல். சிஎம்ஒய்கே 8 பிட்டில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். பரப்பு முழுக்க நிறைந்த ஒரு லேயர் மட்டும் 460 எம்பியைத் தாண்டும். பின்னணி, தலைவர் படம், பூ பார்டர், நிழல் என்று இப்படி எட்டு லேயர் சேர்ந்தால் 3.7 ஜிபி. அதற்கு மேல் ஹிஸ்டரி. போட்டோஷாப் 50 படி வரை பின்னால் போக இடம் வைக்கும், மாறின பகுதியை ஒவ்வொரு படிக்கும் சேமிக்கும். விண்டோஸுக்கும் பிரவுசருக்கும் 4 ஜிபி போகட்டும். 16 ஜிபி இன்றைக்குப் போதும், ஆனால் மூச்சுவிட இடம் இருக்காது. ஆறு மாதத்தில் 32 கேட்கும்.

எச்610 போர்டில் ரேம் ஸ்லாட் இரண்டே இரண்டு. இப்போது இரண்டு 8 போட்டால் இரண்டும் நிரம்பிவிடும். அப்புறம் 32 ஆக்க, வாங்கின இரண்டையும் கழற்றி வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிதாக இரண்டு 16 வாங்க வேண்டும். ரேம் விற்கிற விலையில் இது கட்டாது. ஒரு 16 போட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியாக வைத்தால் இன்னொரு 16 செருகுவதோடு முடிந்தது, இரட்டைச் சேனலும் அப்போது தானாகக் கிடைக்கும். போட்டோஷாப்பில் ஒற்றைச் சேனலால் வரும் தாமதம் பெரிதல்ல. ரேம் பற்றாமல் ஸ்கிராட்ச் டிஸ்க்கில் (ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) எழுதப் போனால்தான் கர்சர் சுற்றிக்கொண்டே நிற்கும்.

ரேம் வாங்கும்போது ஸ்டிக்கரைப் படியுங்கள். 3200, 1.2 வோல்ட், சிஎல்22 என்று இருந்தால் செருகினவுடன் 3200-லேயே ஓடும். 1.35 வோல்ட், சிஎல்16 என்று இருந்தால் அது எக்ஸ்எம்பி ரகம். பயாஸில் போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாதவரை 2133, 2400, 2666 என்று ஏதோ ஒரு குறைந்த வேகத்தில்தான் ஓடும். அது தெரியாமல் வருடக்கணக்கில் குறைந்த வேகத்தில் ஓட்டுபவர்கள் நிறைய. இரண்டாவது ஸ்டிக்கும் இதே ரகத்தில் வாங்க இந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரோடு சம்பந்தமில்லாத ஒன்று: பிளெக்ஸுக்கு 300 டிபிஐ வைக்காதீர்கள். 10 அடிக்கு 36,000 பிக்சல் வரும். பிஎஸ்டி ஃபைல் ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல் வரைதான் தாங்கும், சேமிக்கவே விடாது. தெருவில் நின்று பார்க்கும் பேனருக்கு 72-லிருந்து 100 தாராளம். பட்ஜெட் மிஷினுக்கு இது இன்னொரு 16 ஜிபி ரேம் போட்டதற்குச் சமம்.

எஸ்எஸ்டி வரியில் பெயரும் இல்லை, வகையும் இல்லை. 1 டிபி என்றதும் கண் மயங்க வேண்டாம். அது 2.5 இன்ச் சாட்டாவாக இருந்தால் செகண்டுக்கு 550 எம்பிதான் உச்சம். எம்.2 வடிவத்திலும் சாட்டா உண்டு, அதனால் ‘எம்.2’ என்றால் மட்டும் போதாது, ‘என்விஎம்இ’ என்று பில்லில் இருக்க வேண்டும். 1 டிபி பெயர் தெரியாததைவிட 500 ஜிபி நல்லது மேல். மெமரி சிப்பில் டிஎல்சி வகை கேளுங்கள். மலிவான க்யூஎல்சி-யில் கேஷ் நிரம்பும்வரை வேகமாக எழுதும், பிறகு ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடும். 100 ஜிபி வீடியோவை ஒரே மூச்சில் காப்பி செய்யும்போது பாதி வழியில் படுத்துக்கொள்வது அதனால்தான். எச்610-ல் எம்.2 ஸ்லாட் ஜென்3 வேகம்தான், ஜென்4 வாங்கினாலும் ஓடும், ஆனால் கூடுதல் வேகம் கிடைக்காது. விலை ஒன்றாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

முடிந்த வேலைகளைப் பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைக்கலாம். அதற்கு முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் 05, சி5 என்ற இரண்டு வரியைப் (கெட்டுப்போன இடங்களின் எண்ணிக்கை) பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5-ல் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் வாடிக்கையாளர் ஃபைல் ஒன்றுகூட வைக்காதீர்கள்.

சால்டரிங்_சேகர்:

ஆறாவது வரியை யாரும் தொடவில்லை. எனக்கு முதல் கவலை அதுதான்.

கேபினெட்டோடு சேர்த்து வரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைக் கடையிலேயே படியுங்கள். மேலே பெரிதாகப் போட்டிருக்கும் 450-ஐ விட்டுவிடுங்கள். +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18ஏ என்று இருந்தால் 12 பெருக்கல் 18, அதாவது 216 வாட். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டும் சாப்பிடுவது 12 வோல்ட்டைத்தான். மீதி வாட்டெல்லாம் 3.3, 5 வோல்ட்டில் இருக்கும், இன்றைய மிஷினில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. ஒழுங்கான 450 வாட்டில் 12 வோல்ட்டுக்கு மட்டும் 34 ஆம்பியருக்கு மேல் வரும், 400 வாட்டைத் தாண்டும்.

பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அதில் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுப்பைச் சீராக்கும் சுற்று) இல்லை என்று பொருள். துடைக்கும்போது கைபட்டு அது 115-க்குப் போனால், நம் 230 வோல்ட்டில் பட்டென்று வெடிக்கும். தனியாக, 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ள 450 வாட் எடுங்கள். அந்தச் சான்று மின்சாரம் வீணாகாத அளவைத்தான் சொல்கிறது, உள்ளே இருக்கும் கெபாசிட்டர் நல்லதா என்பதை அல்ல. அதனால் வாரண்டி வருடத்தையும் பாருங்கள். மூன்று வருடத்துக்குக் குறைந்து எடுக்காதீர்கள்.

கேபினெட்டில் பளபளப்பும் விளக்கும் பார்க்க வேண்டாம். முன்பக்கம் கண்ணாடி மூடி இல்லாமல் வலையாக இருக்கட்டும், பின்னால் ஒரு 120 எம்எம் ஃபேன் இருக்கட்டும். அவ்வளவுதான்.

இனி கரண்ட். 12400 உச்சத்தில் 117 வாட் இழுக்கும். போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன், மானிட்டர் எல்லாம் சேர்த்தாலும் 200 வாட்டுக்குள் அடங்கும். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் தரும், ஆக அளவு போதும். உள்ளே ஒரே ஒரு 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. புதியதாக இருந்தால் பத்து, பதினைந்து நிமிடம் தாங்கும். ஃபைலை சேவ் செய்து அணைக்க அது போதும், ரெண்டர் முடியும்வரை ஓட்டப் போதாது. பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும், உங்களுடையது எந்த வருடத்தது என்று பாருங்கள். லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் சொருகவே சொருகாதீர்கள், சூடேறும் நொடியில் அது இழுக்கும் கரண்டை இந்த யுபிஎஸ் தாங்காது.

ஒரு சிக்கல் வரலாம். சின்ன யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது சுத்தமான சைன் அலை தராது, படிக்கட்டு மாதிரி வெட்டின அலைதான். சில ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்களுக்கு அது ஒத்துப்போகாமல் அணைந்துவிடும். புது மிஷினில் முக்கியமான ஃபைல் எதுவும் திறக்காமல், எடிட்டிங் அளவு சுமையில் ஓடவிட்டு, யுபிஎஸ்ஸின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். நின்றால் கடையில் மாற்றக் கேளுங்கள். இதை முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டரில் நேரடியாகச் சொருகப் போகிறீர்கள் என்றால், இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள ஸ்விட்சை ‘யுபிஎஸ்’ பக்கம் வையுங்கள். எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி செகண்ட்தான். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும். ஃபேனும் லைட்டும் கண் சிமிட்டுவதோடு சரி, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

எர்த். கேபினெட்டின் ஸ்குரூவைத் தொட்டால் சுரீரென்று இருந்தால், மிஷின் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு ஒவ்வொரு சிறிய கெபாசிட்டர் போகிறது. எர்த் இணைப்பு இல்லாதபோது உடம்புத் தகட்டில் ஏறக்குறைய பாதி வோல்டேஜ் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆனால் ஹெச்டிஎம்ஐ, யுஎஸ்பி சொருகும் நேரத்தில் போர்ட்டை அடித்துவிடும். மூன்று பின் பிளக்கின் பெரிய காலை வெட்டிவிட்டு இரண்டு பின்னில் சொருகுவதை யாரும் செய்யாதீர்கள். மல்ட்டிமீட்டரில் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொருநை_டிசைன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரேம் கணக்கு இப்பதான் புரியுது லதாக்கா, நான் 300 டிபிஐ-லதான் பேனர் போட்டுட்டு இருந்தேன்.

வேற கடையில கேட்டேன். 12400 பெட்டியோட, விஜிஏ இருக்கிற எச்610 டிடிஆர்4 போர்டு, 16 ஜிபி 3200 ஒண்ணு, 500 ஜிபி என்விஎம்இ டிஎல்சி, 450 வாட் பிரான்ஸ், வலை போட்ட கேபினெட். 44,000-க்குள்ள வருது. அசெம்பிள் பண்ண தனிக் காசு கேக்கிறாங்க. நானே மாட்டலாமா? ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அப்புறம், செகண்ட் ஹேண்ட்ல ஏதாவது வாங்கி இன்னும் மிச்சம் பிடிக்கலாமா?

கொங்கு_டெக்கி:

பில்லுல ஒவ்வொரு பொருளுக்கும் முழு மாடல், சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்க. வாரண்டிக்குப் போகும்போது முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

செகண்ட் ஹேண்ட்ல பிராசசர் வாங்கலாமுங்க, அது சீக்கிரம் கெடாது. ரேமும் வாங்கலாம், சோதிச்சுப் பார்க்க விட்டா. எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் ரெண்டையும் தொடாதீங்க. எவ்வளவு தேஞ்சிருக்குன்னு வெளிய தெரியாது. போர்டுன்னா சாக்கெட்டை போன் கேமராவுல பெருசாக்கிப் பாருங்க. இன்டெல்லுல ஊசிங்க பிராசசர்ல இல்லீங்க, போர்டு சாக்கெட்டுல இருக்கு. ஒரு ஊசி சாஞ்சிருந்தா ரேம் ஒரு ஸ்லாட் வேலை செய்யாது, இல்லைன்னா பூட்டே ஆகாது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா நாலாம் தலைமுறை ஐ5, ஐ7-ஐ பழைய வகை எச்81 போர்டோட ‘ஐ7 செட்’னு மலிவாக் காட்டுவாங்க. பேரைப் பார்த்து மயங்காதீங்க. விண்டோஸ் 11-ஐ அதிகாரப்பூர்வமா எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏத்துக்கும். விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. டிடிஆர்3 ரேமை புது போர்டு எதுலயும் மாத்திப் போட முடியாது.

இன்னொண்ணு, உங்க கணக்குல விண்டோஸ் லைசென்ஸ் இல்லீங்க. பழைய மிஷினோட வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த போர்டோட முடிஞ்சுது. தனியா வாங்கின ரீடெயில் கீ வெச்சிருந்தா புதுசுக்கு மாத்திக்கலாம். அந்த மீதி ஆயிரம் ரூபாயைச் செலவு பண்ணிடாதீங்க.

வைகைக்கரை:

தாராளமா நீங்களே மாட்டலாம் தம்பி. அவசரப்படாம செஞ்சா ரெண்டு மணி நேரம். மரமேஜை மேல, போர்டு வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அது மேல போர்டை வெச்சு ஆரம்பிங்க. கேபினெட்டுக்குள்ள கடைசியாத்தான் போகணும்.

சாக்கெட் லீவரைத் தூக்கித் திறங்க. பிராசசரோட மூலையில தங்க நிறத்துல சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்லயும் இருக்கும். ரெண்டையும் ஒரே மூலைக்குக் கொண்டுவந்து, ஓரத்தைப் பிடிச்சு நேரா இறக்குங்க. வெக்கிறது மட்டும்தான், அழுத்தக் கூடாது. லீவரை மூடும்போது கொஞ்சம் கடினமா இருக்கும், நெறுநெறுன்னு சத்தம் வரும், பயப்படாதீங்க. கருப்பு பிளாஸ்டிக் மூடி தானா தெறிச்சு விழும். அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாம வாங்க மாட்டாங்க.

கூலர்லதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. நாலு பிளாஸ்டிக் கால் இருக்கு. தலையில இருக்கிற அம்புக்குறி காட்டுற பக்கம் திருப்பினா கழலும். மாட்டும்போது அதுக்கு எதிர்ப்பக்கம் முழுசாத் திருப்பி வெச்சுக்கோங்க. பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், கை வைக்காதீங்க. நாலு காலையும் ஓட்டைல உக்கார வெச்சுட்டு, குறுக்கும் நெடுக்குமா, ஒரு மூலை, அதுக்கு எதிர் மூலைன்னு அழுத்துங்க. நாலு தடவை ‘டக்’னு கேக்கணும். கேட்டாலும் நம்பாதீங்க, போர்டைத் தூக்கிப் பின்பக்கம் பாருங்க. நாலு காலும் முழுசா வெளிய வந்து விரிஞ்சு நிக்கணும். ஒண்ணு பாதியில நின்னாலும் கூலர் ஒருபக்கம் தூக்கி நிக்கும், ஆன் பண்ணின கொஞ்ச நேரத்துல 100 டிகிரி தொட்டு வேகம் குறைஞ்சுடும்.

எம்.2-ஐச் சாய்வா செருகி, படுக்க வெச்சு, நுனியில சின்ன ஸ்குரூ போடுங்க. ரேமை ரெண்டு பக்கமும் கிளிப் தானா மூடுறவரை அழுத்துங்க. ஒரே ஸ்டிக்னா எந்த ஸ்லாட்னு போர்டு புத்தகத்துல இருக்கும், அதுலயே போடுங்க.

இப்பவே, பெட்டி மேல வெச்சபடியே ஆன் பண்ணிப் பாருங்க. 24 பின் வயரும், பிராசசருக்கான 8 பின் வயரும் மாட்டுங்க. 8 பின்ல குழப்பம் வரும். பிராசசர் வயர் நாலு நாலாப் பிரியும். கிராபிக்ஸ் கார்டு வயர் ஆறு, ரெண்டாப் பிரியும். மாத்தி அழுத்திச் சொருகினா போர்டு போயிடும். ஈஸியாப் போகலைன்னா தப்பான வயர்னு அர்த்தம். மானிட்டரை போர்டோட விஜிஏ-ல மாட்டி, முன்பக்க பின் வரிசையில 6, 8 ரெண்டையும் ஸ்குரூ டிரைவர் நுனியால ஒரு நொடி தொடுங்க. பயாஸ் திரை வந்தா எல்லாம் சரி. வரலைன்னா கேபினெட்டுல பூட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சுன்னு சந்தோஷப்படுங்க.

கேபினெட்டுல போர்டு ஓட்டை எத்தனையோ அத்தனை பித்தளைக் கால்தான் இருக்கணும். ஓட்டை இல்லாத இடத்துல ஒரு கால் நின்னா போர்டுக்கு அடியில உரசி ஷார்ட் ஆகும். பின்பக்கத் தகட்டை போர்டுக்கு முன்னாடி மாட்டிடுங்க, மறந்தா எல்லாத்தையும் திரும்பக் கழட்டணும். முன்பக்க வயர்ங்க: 1, 3 ஹார்ட் டிஸ்க் விளக்கு, 2, 4 பவர் விளக்கு, 5, 7 ரீசெட், 6, 8 பவர் ஸ்விட்ச். ஸ்விட்சுக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது. விளக்குக்கு 1-ம் 2-ம் பிளஸ். யுஎஸ்பி 3 வயர் தடியா இருக்கும், நேரா இறக்குங்க, கொஞ்சம் சாஞ்சாலும் போர்டு பக்கத்து ஊசி வளைஞ்சுடும்.

லேயர்_லதா:

மாட்டி முடித்ததும் அன்றைக்கே வேலையை ஆரம்பிக்காதீர்கள் தம்பி. முதல் இரவு மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு ஓடவிடுங்கள், நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமை மாற்ற வேண்டும், ‘ஒன்றுதானே’ என்று விடக் கூடாது. பெரிய பிஎஸ்டி ஃபைல் ஒருநாள் திறக்காமல் போவதற்கு அந்த ஒன்று போதும்.

மறுநாள் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எஸ்எஸ்டியின் ஓடிய நேரத்தையும், எழுதிய மொத்த அளவையும் பாருங்கள். புதியது என்றால் சில மணி நேரம், சில பத்து ஜிபி. ஆயிரம் மணி என்று காட்டினால் பெட்டியை மட்டும் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளைக் கொண்டு காலி இடம் முழுக்க ஒருமுறை எழுதிப் படித்துப் பாருங்கள், கொள்ளளவு போலியாக இருந்தால் அதில் அகப்பட்டுவிடும்.

பிறகு நீங்கள் வழக்கமாகச் செய்யும் பத்து நிமிட வீடியோ ஒன்றை ஏற்றுமதி செய்துகொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து கிராபிக்ஸ் பக்கத்தைப் பாருங்கள். ‘வீடியோ டிகோட்’ வரி அசைய வேண்டும். அசையாவிட்டால் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரை இன்டெல் தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள், விண்டோஸ் தானாகப் போடும் பழைய டிரைவரில் சில நேரம் வராது. போனில் எடுத்த வீடியோவில் போகப் போகப் பாட்டும் உதட்டசைவும் விலகினால் அது கம்ப்யூட்டரின் குற்றம் இல்லை. போன் ஃபிரேம் வேகத்தை மாற்றி மாற்றிப் பதிகிறது. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் மாறாத வேகமாக ஆக்கிவிட்டு எடிட்டிங்குக்கு எடுங்கள்.

பணம் சேரும்போது முதலில் இரண்டாவது 16 ஜிபி. அடுத்தது கிராபிக்ஸ் கார்டு அல்ல, மானிட்டர். விஜிஏ-வில் எழுத்தின் ஓரம் மங்கும். பழைய டிஎன் திரையில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே நிறம் மாறும், அதைப் பார்த்துச் சரிசெய்த மஞ்சள் பிரிண்டில் பச்சை அடிக்கும். ஐபிஎஸ் திரை, முழு ஹெச்டி, அந்த போர்டின் ஹெச்டிஎம்ஐ-யிலேயே மாட்டலாம்.